கழுத்துத் துளை வழியே மூச்சுவிடும் குதிரை: அறிகுறி கண்டு கோளாறு நீக்கும் வழிமுறை

குதிரையால் வாய் வழியே மூச்சுவிட முடியாது. அதன் மெல்லண்ணம் குரல்வளை மூடியின் அடியில் இறுகப் பொருந்தி, வாயையும் மூச்சுப்பாதையையும் தனித்தனியே பிரித்துவிடுவதால், மூக்கிலோ தொண்டையிலோ குரல்வளையிலோ அடைப்பு ஏற்பட்டால் அதற்கு மாற்றுவழி இல்லை. அந்த அடைப்பு மருந்தாலும் பிற அறுவைகளாலும் தீராத நிலையில்தான், கழுத்தின் மேல் மூன்றிலொரு பங்கில், மூச்சுக்குழாயின் முன்புறச் சுவரில், நிரந்தரமான ஒரு துளை அமைக்கப்படுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இந்த அறுவைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அங்கே மேய்ச்சல் நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்த, வயது கூடிய குதிரைகளின் தொண்டையில் அழற்சி மீண்டும் மீண்டும் தோன்றி, ஆறும்போது தழும்பாக இறுகி, மூச்சுப்பாதையைச் சிறிது சிறிதாகச் சுருக்கிவிடும் தொண்டைத் தழும்பு நோய் காணப்படுகிறது. இருபக்கக் குரல்வளை வாதம், குரல்வளைக் குருத்தெலும்பின் நாட்பட்ட அழற்சி, பலன் தராமல் போன முந்தைய குரல்வளை அறுவை ஆகியவையும் இத்துளைக்குக் காரணமாகலாம்.

இந்த அறுவை பெரும்பாலும் குதிரையை நிற்கவைத்தே, தணிப்பு மருந்தும் மரப்பு மருந்தும் கொடுத்துச் செய்யப்படுகிறது. மூச்சுக்குழாயின் முன்புறத்தில் உள்ள தசைப்பட்டைகளில் ஒரு பகுதியை நீக்கி, மேற்பகுதி வளையங்களில் ஏறத்தாழ நான்கின் முன்பாகத்தை வெட்டியெடுத்து, உள்ளே இருக்கும் சளிச்சவ்வை வெளித்தோலோடு இணைத்துத் தைத்துவிடுகிறார்கள். ஆகவே ஆறிய பின் இத்துளையில் குழாய் எதுவும் இராது. அவசரத்துக்குச் செருகும் தற்காலிகக் குழாயைப் பற்றிய அறிவுரைகளை இதற்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அதன் தொல்லைகள் வேறு, இதன் தொல்லைகள் வேறு.

துளை வைத்த குதிரைகள் பல ஆண்டுகள் நலமாக வாழ்கின்றன. சவாரிக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படுகின்றன. ஆயினும் உள்ளே போகும் காற்றைச் சூடாக்குவதும், ஈரமாக்குவதும், தூசியை வடிகட்டுவதும் இதுவரை மூக்கு செய்துவந்த வேலைகள். அம்மூன்றும் இப்போது கொட்டிலைப் பார்த்துக்கொள்பவரின் பொறுப்பாகிவிட்டன. எந்த அறிகுறி தோன்றினாலும், கோளாறு துளைக்கு மேலே இருக்கிறதா, துளையிலேயே இருக்கிறதா, துளைக்குக் கீழே இருக்கிறதா என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டால், செய்ய வேண்டியது என்ன என்பதும் எவ்வளவு விரைவாகச் செய்ய வேண்டும் என்பதும் பெரும்பாலும் தெளிந்துவிடும். கீழே உள்ளவை யாவும் அந்தக் கேள்வியை ஒட்டியே எழுதப்பட்டிருக்கின்றன.

நலமாக இருக்கும் நாளில் பார்த்துவைக்க வேண்டியவை

இயல்பு எது என்று தெரியாதவருக்குக் கோளாறு எது என்று தெரியாது. வளர்ந்த குதிரை ஓய்வாக நிற்கும்போது நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடும். நாடித்துடிப்பு 28 முதல் 44 வரை இருக்கும். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இம்மூன்றையும் உங்கள் குதிரைக்கு ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்து வையுங்கள். பிறகு கைவிளக்கை எடுத்து, துளையின் வழியே உள்ளே பாருங்கள். மூச்சுக்குழாயின் எதிர்ச்சுவர் இளஞ்சிவப்பாகவும் ஈரப் பளபளப்புடனும் தெரிய வேண்டும். துளையின் விளிம்பில் சவ்வும் தோலும் சேருமிடம் தட்டையாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் பிடித்து மாதம் ஒருமுறை புகைப்படம் எடுத்து வைப்பது, பின்னால் வரும் பல ஐயங்களை ஒரு பார்வையிலேயே தீர்த்துவிடும். துளை சுருங்கிக்கொண்டிருப்பதை நினைவை மட்டும் நம்பிக் கண்டுபிடிப்பது கடினம். அன்றாடம் பார்ப்பவரின் கண்ணுக்குத்தான் மெதுவான மாற்றம் முதலில் தப்பும்.

உள்ளங்கையைத் துளைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வெளிவரும் காற்றின் வேகத்தையும் உணர்ந்து பழகிக்கொள்ளுங்கள். மேலே முழு அடைப்புள்ள குதிரைக்குக் காற்று முழுவதும் இங்கேதான் வரும். ஓரளவு திறப்புள்ள குதிரைக்கு நாசியிலும் சிறிது வரும். இந்த வேறுபாடு உங்கள் குதிரைக்கு எப்படி என்று அறிந்திருப்பது, நெருக்கடி நேரத்தில் எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

மூச்சில் இரைச்சல், அல்லது மூச்சு வாங்குதல்

எல்லாவற்றிலும் முதன்மையான அறிகுறி இது. குதிரையின் பக்கவாட்டில் நின்று விலாவையும் வயிற்றையும் பார்த்தபடி, இரைச்சல் மூச்சை உள்ளிழுக்கும்போது கேட்கிறதா, வெளிவிடும்போது கேட்கிறதா என்று கவனியுங்கள். மார்புக்கூட்டுக்கு வெளியே, அதாவது கழுத்திலோ துளையிலோ நெருக்கடி இருந்தால், உள்ளிழுக்கும் மூச்சே கடினமாகும். நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்களில் நெருக்கடி இருந்தால், வெளிவிடும் மூச்சு நீண்டு, அதன் முடிவில் வயிறு ஒருமுறை கூடுதலாக எக்கும். நாட்பட்டால் விலாவின் அடியோரமாகத் தசை தடித்து ஒரு கோடு போலத் தெரியும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டு சொன்னாலே தொலைபேசியில் பேசும் கால்நடை மருத்துவருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.

உள்ளிழுக்கும்போது இரைச்சல் என்றால், கைவிளக்கோடு துளையைப் பாருங்கள். காய்ந்த சளி விளிம்பில் பொருக்காகக் கட்டி, துளையின் அகலத்தைக் குறைத்திருப்பதே எளிதாகவும் அடிக்கடியும் காணும் காரணம். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த காஸ் துணியை, ஒரு மடங்காக அன்றிப் பல மடங்காக, துளையைவிடப் பெரிதாக மடித்துக்கொண்டு, பொருக்கின் மேல் சில நொடி வைத்து எடுத்து, மீண்டும் வைத்து, அது இளகிய பின் விளிம்பிலிருந்து வெளிப்புறம் நோக்கித் துடைத்தெடுங்கள். துணி துளையை முழுவதும் மூடும்படி வைத்திருக்கக் கூடாது. மேலே அடைப்புள்ள குதிரைக்கு அது மூக்கைப் பொத்துவதற்குச் சமம். உலர்ந்த பொருக்கைப் பிய்க்க வேண்டாம்; அது உள்ளே விழலாம், விளிம்பில் இரத்தமும் கசியும்.

பொருக்கு இல்லை, ஆனால் தலையைத் தாழ்த்தும்போதோ, சவாரியில் தாடையை மார்பை நோக்கி மடக்கும்போதோ மட்டும் இரைச்சல் கேட்கிறது என்றால், கழுத்துத் தோலின் மடிப்பு துளையின் மேல் சரிகிறதா என்று பாருங்கள். கொழுத்த கழுத்துள்ள குதிரைகளில் இது எதிர்பார்க்கக்கூடியதே. உடல் எடையைக் குறைப்பது ஓரளவு உதவும். தீராவிட்டால் கூடுதலான தோலை அறுவை மருத்துவர் நீக்கிவிடுவார். அதுவரை கழுத்தை மடக்கவைக்கும் பயிற்சியை நிறுத்துங்கள்.

ஓய்வில் அமைதி, ஓட்டத்தில் இரைச்சல் என்றால் துளை சுருங்கியிருக்க வாய்ப்புண்டு. ஆறும் காலத்தில் எல்லாத் துளைகளும் ஓரளவு சுருங்கும் என்பதால்தான் மருத்துவர் தொடக்கத்திலேயே அதைப் பெரிதாக அமைக்கிறார். முதல் சில மாதங்களில் ஏற்படும் சுருக்கம் அங்கேயே நின்றுவிட்டால் கவலையில்லை. புகைப்படங்களில் துளை தொடர்ந்து சிறுத்துக்கொண்டே வந்தாலும், வளையங்களின் வெட்டுமுனை உள்நோக்கி மடிந்து தெரிந்தாலும், விளிம்பில் சிவந்த சதை முளைத்தாலும், மறு அறுவை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும். ஓய்விலேயே இரைச்சல் கேட்கும்வரை காத்திருப்பது குதிரைக்கு நாம் செய்யும் தீங்கு. சுருங்கிய துளைக்கு நெருக்கடியில் செய்யும் அறுவையைவிட, திட்டமிட்டுச் செய்யும் அறுவை எவ்வளவோ எளிது.

துளை அகலமாகவும் சுத்தமாகவும் இருந்தும் உள்ளிழுக்கும் மூச்சு கடினமாக இருந்தால், அடைப்பு துளைக்குக் கீழே மூச்சுக்குழாயில் இருக்கலாம். டெக்சாஸின் தொண்டைத் தழும்பு நோய் குரல்வளையோடு நின்றுவிடாமல் மூச்சுக்குழாயையும் தொடக்கூடியது. துளை வழியே உள்நோக்குக் கருவியைச் செலுத்திப் பார்ப்பதே இதற்கு நேரான வழி.

நாசி விரிந்து, கண் மிரண்டு, உடல் வியர்த்து, ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நீண்டால், அது நெருக்கடி நிலை. குதிரையை நடக்கவிடாதீர்கள், நிழலில், அதற்குப் பழக்கமான ஒருவர் பக்கத்தில் இருக்க, அமைதியாக நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியும் பொருக்கையோ சளியையோ நீக்குங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். விரலையோ கருவியையோ உள்ளே விடவும் வேண்டாம். அறுவை செய்த நாளிலேயே, அக்குதிரையின் துளைக்குப் பொருந்தும் அளவுள்ள ஒரு குழாயை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, அதைச் செலுத்தும் முறையை அவர் முன்னிலையிலேயே கற்றுவைத்திருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

சளி மிகுதல், நிறம் மாறுதல்

அறுவை முடிந்த முதல் வாரங்களில் சளி ஏராளமாக வரும். நாளுக்கு இருமுறை, சில குதிரைகளுக்கு அதற்கும் மேலாகத் துடைக்க வேண்டியிருக்கும். குளிர்ந்த, உலர்ந்த, தூசி கலந்த காற்று நேரே படுவதால் மூச்சுக்குழாயின் சவ்வு தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் சளி அது. மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். பிறகு நாளுக்கு ஒருமுறை துடைப்பதே பெரும்பாலான குதிரைகளுக்குப் போதும். துடைக்கத் தேவையில்லாத நாளிலும் பார்க்காமல் விடக் கூடாது.

வெளுத்த, நுரை கலந்த, மணமற்ற சளி கவலைக்குரியதன்று. குறைந்திருந்த சளி திடீரெனக் கூடினால் முதலில் கொட்டிலைப் பாருங்கள்: புதிய புற்கட்டு பிரிக்கப்பட்டதா, படுக்கைக்கு மரத்தூள் மாற்றப்பட்டதா, அண்டை வயலில் உழவு நடந்ததா? மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, கெட்ட மணம் வீசினால் உடல் வெப்பத்தை அளந்துபாருங்கள். 38.6 டிகிரிக்கு மேல் இருந்தாலோ, தீனியில் நாட்டம் குறைந்தாலோ, கோளாறு துளைக்குக் கீழே நுரையீரலில் இருக்கிறது என்றே கொண்டு அன்றே மருத்துவரை அழையுங்கள். வெளியில் உள்ள சளியைத் துடைத்துவிட்டு நாளை பார்க்கலாம் என்று விடுவது இந்த இடத்தில் மிகவும் ஆபத்தானது.

சளி துளையில் இயல்பாக இருந்து, நாசியில் மட்டும் சீழ் போல வடிந்தால் கோளாறு மேலே இருக்கிறது. மூக்குப்புழை அறைகள், பல்வேர், செவிக்குழலோடு இணைந்த காற்றுப்பை ஆகியவற்றில் ஒன்றாக அது இருக்கலாம். தொண்டைத் தழும்பு நோய் அந்தக் காற்றுப்பையின் வாயிலையும் இறுக்கிவிடக்கூடும் என்பதால், துளை வைத்த பின்னும் தொண்டையை மறந்துவிடக் கூடாது. மூச்சுக்கு வழி கிடைத்துவிட்டது. நோய் அங்கேயேதான் இருக்கிறது.

துளைக்குக் கீழே தோல் சிவந்து முடி உதிர்தல்

வழியும் சளி தோலை ஊறவைப்பதால் வருவது இது. சுத்தமாகத் துடைத்து உலரவிட்டு, துளைக்குக் கீழே உள்ள தோலின் மேல் மட்டும் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். சவ்வின் விளிம்பில் அது படக் கூடாது. உள்ளே இழுக்கப்படும் எண்ணெய்ப் பொருளை நுரையீரலால் வெளியேற்ற முடியாது. சுற்றியுள்ள முடி நீளமாக வளர்ந்து சளியைப் பிடித்துவைத்தால், முனை மழுங்கிய கத்தரியின் அலகில் ஜெல்லியைத் தடவிக்கொண்டு வெட்டுங்கள். வெட்டிய முடி அலகிலேயே ஒட்டிக்கொள்ளும், உள்ளே போகாது.

இங்கே பொருள்களைப் பற்றி ஒரு சொல். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், அடர்ந்த அயோடின் இவற்றில் எதுவும் அந்தச் சவ்வுக்கு ஆகாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கே போதுமானது. குதிரைக் கொட்டில்களில் எல்லாக் காயத்துக்கும் அடிக்கும் வெள்ளி நிற ஸ்பிரே, ஈ விரட்டும் ஸ்பிரே, வால்முடிக்குப் பளபளப்பூட்டும் ஸ்பிரே ஆகியவற்றைக் கழுத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது. பஞ்சும் வேண்டாம், அதன் இழைகள் மூச்சோடு உள்ளே போய்விடும்.

இருமல்

நாம் இருமும்போது குரல்வளையை ஒரு கணம் மூடி, நெஞ்சில் அழுத்தத்தைத் திரட்டி, பிறகு சட்டெனத் திறந்துவிடுகிறோம். துளை உள்ள குதிரையின் காற்று அந்த மூடலுக்குக் கீழேயே வெளியேறிவிடுவதால், அதன் இருமல் வலுவற்றது. கெட்டியான சளியை அதனால் எளிதில் வெளித்தள்ள முடியாது. ஆகவே மெல்லிய இருமலையும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தீனி தின்னும்போது மட்டும் இருமல் வந்தால், முதல் சந்தேகம் தூசியின் மேல் விழ வேண்டும். காய்ந்த புல்லைத் தின்பதற்குச் சற்று முன் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். டெக்சாஸ் பண்ணைகளில் வழக்கமாக வைக்கும் பெரிய உருண்டைக் கட்டுகளை இக்குதிரைக்கு வைக்கவே கூடாது. அது கட்டுக்குள் முகத்தைப் புதைத்துத் தின்னும்போது துளை புல்லோடு உரசும், பூஞ்சைத் தூசி நேரே நெஞ்சுக்குள் போகும். உயரத்தில் தொங்கும் வலைப்பையிலும் புல் வைக்காதீர்கள். தீனியையும் தண்ணீரையும் தரைமட்டத்திலோ சற்றே உயரத்திலோ வையுங்கள். குதிரையின் மூச்சுக்குழாய் தன் சளியை வெளியேற்றுவது, தலை தாழ்ந்திருக்கும்போது கீழ்நோக்கி வழியும் அந்தச் சரிவை நம்பித்தான். தலையை நெடுநேரம் உயர்த்திக் கட்டிவைத்தால் எந்தக் குதிரைக்கும் நுரையீரல் அழற்சி வரக்கூடும். நெடும்பயணத்துக்குப் பின் குதிரைகளுக்கு வரும் காய்ச்சலின் வேர் அதுதான். இருமல் வலுவற்ற குதிரைக்கு அந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. வண்டியில் ஏற்றிச் செல்லும்போது சில மணிக்கு ஒருமுறை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தவிடுங்கள். போய்ச் சேர்ந்தபின் மூன்று நாள் வெப்பம் பாருங்கள்.

கொட்டிலைப் பெருக்குவதானாலும், இலை ஊதும் இயந்திரத்தை ஓட்டுவதானாலும், குதிரையை முதலில் வெளியே கொண்டுபோய்விட்டுத் தூசி அடங்கிய பின் திருப்பிக் கொண்டுவாருங்கள். இத்தனைக்குப் பின்னும் இருமல் நீடித்தால் ஆஸ்துமாவை நினைக்க வேண்டும். இங்குதான் ஓர் உண்மையான சிக்கல் எழுகிறது. கொட்டில் தூசியால் வரும் ஆஸ்துமாவுக்கு வெட்டவெளியே மருந்து. ஆனால் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் கோடை மேய்ச்சலாலேயே வரும் ஆஸ்துமாவும் உண்டு. தொண்டைத் தழும்பு நோய்க்கும் மேய்ச்சலே ஆகாது. என் கருத்தில், தழும்பு நோயால் துளை வைக்கப்பட்ட குதிரைக்கு, நாற்புறமும் திறந்த, கூரை மட்டும் உள்ள கொட்டகையும், புல்லில்லாத சிறு திடலும், நனைத்த புல்லும் சேர்ந்த ஏற்பாடே மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது.

துளையில் தீனியோ தண்ணீரோ தெரிதல்

இதற்குத் தாமதம் கூடாது. மென்ற புல்லோ, தீனிச் சாறோ, குடித்த தண்ணீரோ உள்ளிருந்து துளை வழியே வந்தால், குரல்வளை விழுங்கும்போது மூச்சுப்பாதையைச் சரியாக மூடவில்லை என்று பொருள். வெளியே வந்த அளவுக்கோ கூடவோ நுரையீரலுக்குள்ளும் போயிருக்கக்கூடும். முன்பு குரல்வளை அறுவை செய்துகொண்ட குதிரைகளில் இதை மிகுந்த கவனத்துடன் எதிர்பார்க்க வேண்டும். தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

நாசி இரண்டிலும் தீனியும் எச்சிலும் வடிய, குதிரை கழுத்தை நீட்டி நீட்டி விழுங்க முயன்றால், உணவுக்குழாயில் அடைப்பு ஏற்பட்டிருக்கிறது. மூச்சுக்குத் தடை இல்லை என்ற நிம்மதியில் காத்திருக்க வேண்டாம். தேங்கும் எச்சில் மேலிருந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும். தீனியை எடுத்துவிட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு, அழையுங்கள்.

இரத்தம்

பொருக்கு பிரிந்த இடத்தில் ஓரிரு துளி இரத்தம் கசிந்து தானே நின்றால் அது விளிம்பின் காயம். கடின ஓட்டத்துக்குப் பின் உள்ளிருந்து நுரையோடு இரத்தம் வந்தால், ஓட்டத்தின்போது நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிவதைக் குறிக்கும். பந்தயக் குதிரைகளில் இது நன்கு அறியப்பட்டது, துளை உள்ள குதிரையில் நாசிக்குப் பதில் கழுத்தில் தெரிகிறது, அவ்வளவே. ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். ஓட்டமின்றியே மீண்டும் மீண்டும் இரத்தம் வந்தால் உள்ளே வளர்ந்த சதையையோ, உள்ளிழுக்கப்பட்ட முள் போன்ற பொருளையோ தேட வேண்டும்.

கழுத்து வீங்குதல், தொட்டால் நறநறத்தல்

அறுவைக்குப் பின் முதல் சில நாள்களில் துளையைச் சுற்றி மிதமான வீக்கம் இருக்கும். தையல் 10 முதல் 14 நாள்களுக்குள் எடுக்கப்படும். அதற்குள் தையலில் ஒரு பகுதி பிரிந்தால், காற்று தோலுக்கடியில் புகுந்து பரவி, அழுத்தும்போது விரலுக்கடியில் நறநறவென்று உணரப்படும். சிறிதளவு என்றால் தானே வற்றிவிடும். தோள் வரை, மார்பு வரை பரவினால் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் நுழையக்கூடும் என்பதால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆறிய துளையைச் சுற்றி மாதங்கள் கழித்துத் திடீரெனச் சூடான, வலிக்கும் வீக்கம் வந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். தாடைக்கடியில் நெறி கட்டிக் காய்ச்சலும் இருந்தால், தொற்றும் தொண்டைச்சீழ் நோயா (ஸ்டிராங்கிள்ஸ்) என்று பார்க்கும்வரை மற்றக் குதிரைகளிடமிருந்து பிரித்துவையுங்கள். வெட்டுக்காயம்பட்டு ஆறிய உடலாதலால் வில்வாத நோய்த் (டெட்டனஸ்) தடுப்பூசியும், ஃபுளூ தடுப்பூசியும் தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும்.

கழுத்தில் படும் எதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். முன்மார்புப் பட்டை, தொண்டையைச் சுற்றும் தலைவாரின் பட்டை, கழுத்தையும் மூடும் போர்வை ஆகிய எதுவும் துளையைத் தொடவோ அதன் மேல் சரியவோ கூடாது. மரத்தைக் கவ்விக் காற்று விழுங்கும் பழக்கத்தைத் தடுக்கக் கட்டும் கழுத்துப்பட்டை துளையை ஒட்டியே இறுகும் என்பதால், அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

ஈ மொய்த்தல், புழு தெரிதல்

ஈரமும் மணமும் உள்ள எந்தத் துளையையும் ஈ தேடி வரும். ஈ விரட்டும் மருந்தைத் துணியில் நனைத்துத் தலையிலும் தோளிலும் தடவலாம். துளையைச் சுற்றி ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள். மெல்லிய வலையைத் தளர்வாகக் கழுத்தில் கட்டுபவர்களும் உண்டு; அது நனைந்து துளையில் ஒட்டிக்கொள்ளாமல் நாளுக்குப் பலமுறை பார்க்க முடிந்தால் மட்டுமே அதை நான் ஏற்பேன். மின்விசிறியும் அன்றாடம் அள்ளப்படும் சாணமும் வலையைவிட நம்பத்தக்கவை.

விளிம்பில் புழுவைக் கண்டால் டெக்சாஸில் இன்று கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உயிருள்ள சதையையே துளைத்துத் தின்னும் திருகுப்புழு அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஒழிக்கப்பட்டது. ஆனால் 2024 நவம்பரில் அது மெக்சிகோவின் தென்கோடியில் உள்ள சியாபாஸ் மாநிலத்தில் மீண்டும் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டில் வடக்கு நோக்கி நகர்ந்தது. காயத்தின் விளிம்பிலும் ஈரமான உடல் வாயில்களிலும் அப்புழுவின் தாய் ஈ முட்டையிடும். இக்குதிரையின் கழுத்து இரண்டையும் ஒருசேர அதற்குத் தருகிறது. புழுவைப் பிடுங்கி எறியாமல், சிலவற்றை ஒரு சிறு புட்டியில் எடுத்துவைத்து, குதிரையை இடம் மாற்றாமல், மருத்துவருக்கும் டெக்சாஸ் கால்நடை நல ஆணையத்துக்கும் அன்றே தெரிவியுங்கள்.

கனைப்பு மறைதல், முக்க இயலாமை

காற்று குரல்வளையை எட்டாததால் கனைப்பு மெலிந்துபோகும், அல்லது முற்றிலும் நின்றுவிடும். இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் தீனி நேரத்திலும், துணைக் குதிரையைப் பிரித்த நேரத்திலும், வலி வந்த நேரத்திலும் இக்குதிரை குரல் கொடுத்து உங்களை அழைக்காது என்பதை நினைவில் வைத்து, கண்ணால் பார்க்கும் முறைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூச்சை அடக்கி முக்குவதற்கும் குரல்வளை மூட வேண்டும். துளை உள்ள பெண் குதிரை அதனால் ஈனும்போது வயிற்றழுத்தத்தை முழுமையாகத் திரட்ட முடியாது. பல குதிரைகள் தாமாகவே ஈன்றுவிடுகின்றன என்றாலும், ஈனும் இரவில் ஒருவர் உடனிருப்பது கட்டாயம். பனிக்குடம் உடைந்த பின் குட்டி 20 முதல் 30 நிமிடத்துக்குள் வெளிவந்துவிட வேண்டும். முன்னேற்றம் இல்லை என்று தெரிந்த உடனே மருத்துவரை அழையுங்கள்.

அறிகுறி தோன்ற நேரம் தராதவை: தண்ணீரும் புகையும்

மழைத்தூறல் ஆபத்தல்ல, துளை கழுத்தின் கீழ்நோக்கிய பக்கத்தில் இருப்பதால் நீர் உள்ளே விழாது. ஆனால் மார்பளவு நீரில் தலையைத் தாழ்த்தினாலே துளை மூழ்கிவிடும். இக்குதிரை நீந்த முடியாது. குளமுள்ள மேய்ச்சல் நிலத்தில் அதை விடக் கூடாது. ஆழமான தொட்டிக்குப் பதில் ஆழமற்ற வாளியில் தண்ணீர் வையுங்கள். குளிப்பாட்டும்போது கழுத்தைக் குழாய்நீரால் அடிக்காமல் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டன் பகுதியை வெள்ளத்தில் மூழ்கடித்தபோது எத்தனையோ கால்நடைகள் கழுத்தளவு நீரில் நின்றன; அந்த நிலையில் துளை உள்ள குதிரை பிழைக்காது. மெக்சிகோ வளைகுடாக் கரையில் வாழ்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்த அன்றே, மற்றக் குதிரைகளுக்கு முன்னதாக இதை வண்டியில் ஏற்ற வேண்டும்.

காட்டுத்தீப் புகைக்கும் இதுவே முறை. 2024 பிப்ரவரி இறுதியில் டெக்சாஸின் வடகோடியில் மூண்ட தீ பத்து இலட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அப்படிப்பட்ட நாளில் மூக்கின் வடிகட்டல் இல்லாத குதிரை, தீயிலிருந்து தொலைவில் இருந்தாலும் புகையால் வாடும். புகை தெளிந்தபின் பல நாள் ஓட்டம் கொடுக்காமல், வெப்பமும் மூச்சும் பாருங்கள்.

வெளியேற்றத்தின்போது அடையாளத்துக்காகக் குதிரையின் கழுத்தில் பட்டை கட்டுவார்கள். இதற்கு அதைக் கட்டவிடாமல், உங்கள் தொலைபேசி எண்ணை அதன் தோள்புறத்தில் கால்நடைக் குறியிடும் மையால் எழுதுங்கள். அதனருகிலேயே, கழுத்தில் மூச்சுத்துளை உண்டு, கயிறு போடாதீர்கள், மூடாதீர்கள் என்று பெரிய எழுத்தில், மீட்க வருபவர்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதி, அதே வரிகளைத் தலைவாரிலும் வண்டியின் கதவிலும் ஒட்டிவிடுங்கள்.